பத்துகாஜாவிலிருந்து கம்பார் வரை, குட்டை ஓரமாகவே

சனிக்கிழமை காலையில் நானும் தம்பியும் சைக்கிளில் போகிற வழியை எழுதுங்கள் என்று தெரிந்தவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் பேஸ்புக்கில் போடும் படங்களைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் அக்கா, வெளிநாடா?" என்று கேட்டவர்களும் உண்டு. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற நம்ம பத்துகாஜாதான். செம்பனைக் காட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் மிதித்தால் நீலத் தண்ணீர், அதற்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள், அதற்கும் பின்னால் மத்திய மலைத்தொடர். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு நாம் விடுமுறைக்கு எங்கெங்கோ போகிறோம்.

நான் பிறந்தது பத்துகாஜாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பேருக்குக்கூட ஒரு பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. லயத்தை இடித்துவிட்டார்கள். ஆட்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு சைக்கிள் கையில் வந்தது. தம்பி செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவன். எந்த மண் சடக்கு எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்து எங்கே வெளியே வரும், எந்தப் பாலம் மழைக்காலத்தில் முழுகும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் இல்லாமல் நான் இந்த வழிகளில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

குட்டைகள் எப்படி வந்தன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம், அதாவது வெள்ளீயம், கொடுத்த இடம். லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, சேற்றைப் பம்பில் மேலே ஏற்றி, பாலோங் என்கிற நீண்ட மரத்தொட்டியில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். பள்ளமான இடங்களில் டிரெட்ஜ் என்கிற மிதக்கும் தோண்டு இயந்திரம் இறங்கியது. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரமே நின்றுபோனது, விலை சரிந்தது, ஒன்றன்பின் ஒன்றாக லம்பங்கள் மூடின. தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது. அதுதான் இன்று நாம் படம் எடுக்கிற ஏரி.

சரி, வழிக்கு வருகிறேன். எங்களுக்கு மிகவும் பிடித்தது தெற்குப் பக்கம் போகிற வழி. பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங், அங்கிருந்து கிழக்கே மாலிம் நாவார், கடைசியில் கம்பார். தார் சடக்கிலேயே போகலாம், ஆனால் லாரிகள் உரசிக்கொண்டு போகும். தோட்டத்துச் சடக்கும் குட்டைகளுக்கு இடையே உள்ள வரப்பும் மாறி மாறி வருகிற மாதிரி தம்பி ஒரு வழி பிடித்து வைத்திருக்கிறான். செம்பனைக்குள் காலை ஏழரை வரைக்கும் குளிர்ச்சியாக இருக்கும். எலியைப் பிடிப்பதற்காக ஆந்தைக்குக் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள், நிமிர்ந்து பார்த்தால் தெரியும். உதிரிப் பழத்தின்மேல் சக்கரம் ஏறினால் எண்ணெயில் வழுக்கும். அதனால் நான் எப்போதும் லாரித் தடத்திலேயே போவேன்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் மண் மாறிவிடும். செம்மண் முடிந்து வெள்ளை மணல் தொடங்கும். லம்பத்தில் கழுவித் தள்ளிய மணல் அது, சத்து என்று எதுவும் கிடையாது. லாலாங் புல்லும் குத்துச்செடியும்தான் முளைக்கும். காய்ந்திருந்தால் சக்கரம் பாதிக்குப் புதையும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் அதே மணல் கெட்டியாகிவிடும், சிமெண்ட்டு வாசலில் ஓட்டுகிற மாதிரி இருக்கும். செம்மண் இதற்கு நேர்மாறு, மழை பெய்தால் டயரிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். ஆகவே மழைக்கு மறுநாள் எந்த வழி, வெயில் நாளில் எந்த வழி என்று தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறோம். "அக்கா, இங்க மிதிக்கிறத நிறுத்தாதீங்க, நிறுத்துனா புதஞ்சிரும்" என்று தம்பி முன்னால் போய்க்கொண்டே கத்துவான்.

தஞ்சோங் துவாலாங் போகிற வழியில்தான் டி.டி. 5 என்கிற அந்தப் பழைய டிரெட்ஜ் நிற்கிறது. 1938-ல் கட்டியது, எண்பதுகளின் தொடக்கம் வரைக்கும் ஓடியது. 4,500 டன் எடை, 75 மீட்டர் நீளம். முதல் தடவை அருகில் போய் நின்று பாருங்கள், கழுத்து வலிக்கும். அது வேலை செய்த விதத்தைக் கேட்டால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். முன்பக்கம் இரும்பு வாளிகள் சங்கிலியில் கோர்த்துச் சுற்றிக்கொண்டே மண்ணை அள்ளும். உள்ளே ஈயம் பிரியும், மிச்ச மணலைப் பின்பக்கம் கொட்டும். முன்னால் பள்ளம் வெட்டி, பின்னால் மூடி, தான் வெட்டிய குளத்தில் தானே மிதந்துகொண்டு அந்தக் குளத்தையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்திருக்கிறது. வாளி ஒன்றின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். மண்ணில் உரசி உரசி மழுங்கி, வழவழவென்று இருந்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் ராத்திரி முழுக்க இதன் சத்தம் லயத்து வரைக்கும் கேட்கும் என்று அம்மா சொல்வார்.

தஞ்சோங் துவாலாங்கில் பசியாறிவிட்டுக் கிளம்புவோம். உடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் சாப்பிட வெளியூர்க்காரர்கள் மத்தியானத்தில்தான் வருவார்கள். காலையில் எங்களுக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் போதும். அதற்கு மேல் மாலிம் நாவார் பக்கம் மீன் குளங்களும் வாத்துப் பண்ணைகளும். நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக இறங்கும் பகுதி இது. கிந்தா இயற்கைப் பூங்கா என்று பெயரே வைத்திருக்கிறார்கள், பறவை பார்க்கிறவர்கள் நீளமான லென்சு மாட்டிக்கொண்டு வருவார்கள். வாத்துப் பண்ணை வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், அந்த ஒரு கிலோமீட்டரை வேகமாகக் கடந்துவிடலாம். கம்பாரில் பல்கலைக்கழக வளாகமே பழைய லம்ப நிலத்தில்தான் எழும்பியிருக்கிறது, கட்டடங்களுக்கு நடுவிலேயே குட்டைகள். மாலையில் மாணவர்கள் அதன் ஓரத்தில் ஓடுவார்கள். குட்டையை ஒட்டி ஒழுங்காகப் பாதை போட்டால் ஜனங்கள் தானாக வருவார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

தாதியாக இருந்தவள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குட்டைகளில் யாரும் இறங்கக் கூடாது. ஆற்றங்கரை மாதிரி மெல்ல மெல்ல ஆழமாகாது. ஓரத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் நேரே கிணறு. கரை மணலும் அடியில் அரித்து நிற்கும். மீன் பிடிக்கப் போன பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்த தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். பாதை என்று ஒன்று போட்டால் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி, மரம் நட்டு, தடுப்புக் கட்டித்தான் போட வேண்டும். அழகுக்காகத் தண்ணீரை ஒட்டியே கொண்டுபோகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது.

இதையெல்லாம் நான் ஒரு கனவாகப் பேசத் தொடங்கியது நியூசிலாந்து போய்வந்த பிறகு. மகன் ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் அங்கே ஒட்டாகோ மாவட்டத்தில் செர்ரி பறிக்கப் போயிருந்தான், குரோம்வெல் என்ற ஊர். ஊர் நுழைவாயிலில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய பழச் சிலை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கிளைட் என்ற ஊர் வரைக்கும் டன்ஸ்டன் ஏரியை ஒட்டிச் சைக்கிளுக்கும் நடைக்குமாக ஒரு பாதை, சுற்று வழியையும் சேர்த்தால் சுமார் 55 கிலோமீட்டர். 2021 மே மாதம் திறந்தது. மகன் எனக்கு மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, "அம்மா, இன்னைக்கு முழுக்க நீங்க மிதிங்க, நான் பின்னாடி வர்றேன்" என்றான்.

அந்த ஏரியும் நம் குட்டைகள் மாதிரி மனிதர் உண்டாக்கியதுதான். கிளைட்டில் அணை கட்டி 1992-93ல் தண்ணீரை நிரப்பியபோது குரோம்வெல்லின் பழைய கடைத்தெரு முழுகிப்போனது. சீனத் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதியும் அதோடு போனது. சில பழைய கட்டடங்களைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு தங்கத்துக்குப் பேர்போனது. 1862-ல் ஹார்ட்லி, ரைலி என்ற இரண்டு பேர் 87 பவுண்டு எடை தங்கத்தைக் கொண்டுபோய் டுனெடின் நகரில் காட்டியதும், சனம் திரண்டு வந்து மலையைக் குடைந்தார்கள். நமக்கு ஈயம், அவர்களுக்குத் தங்கம். தோண்டி முடித்துவிட்டுப் போனபின் மிச்சமிருந்த காய்ந்த மலைச்சரிவில்தான் பாதை போகிறது.

பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் தரையே கிடையாது. பாறையில் இரும்பைத் துளைத்து இறக்கி, அதன்மேல் பலகை போட்டுத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் 86 மீட்டர் நீளத்துக்குத் தொங்குபாலம். நடுவில் போகும்போது பலகை அசைகிறது, கீழே பச்சைத் தண்ணீர், எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கரையெல்லாம் காட்டுத் தைம் செடி, சக்கரத்தில் நசுங்கினால் ஓம வாசனை மாதிரி ஒன்று எழும்பும். கடை கண்ணி எதுவும் இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில், படகில் அடுப்பு வைத்துக் காபி போட்டு விற்கிறார்கள்.

ஆனாலும் பாலத்தையும் பலகையையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது, அந்தப் பாதை அதோடு நிற்கவில்லை என்பதுதான். கிளைட்டில் இறங்கினால் அங்கிருந்து மிடில்மார்ச் வரைக்கும் 152 கிலோமீட்டருக்கு இன்னொரு பாதை தொடங்குகிறது. அது பழைய ரயில்பாதை. 1990-ல் ரயிலை நிறுத்தினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளை போட்டு 2000-ல் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் முழுதாகத் திறந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் அலெக்சாண்ட்ராவிலிருந்து ராக்ஸ்பர்க் அணை வரைக்கும் ஒன்று. அதில் நடுவே ஒரு நீளமான துண்டுக்குப் பாதையே கிடையாது, சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த கரையில் விடுவார்கள். பாதை முழுமையாகும் வரை காத்திருக்காமல், இருப்பதை இணைத்துத் திறந்துவிட்டார்கள். ரயில் நின்றதும் அடங்கிப்போன சின்னச் சின்ன ஊர்களில் இன்று தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடக்கிறது. பாதை ஆட்டுப் பண்ணைகளுக்குள்ளேயே போகிறது. கேட்டைத் திறந்து நுழைந்து, மறக்காமல் மூடிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

திரும்பி வந்ததும் தம்பியிடம் சொன்னேன். அவன் உடனே, "நம்மகிட்டயும் ரயில்பாதை இருந்துச்சே அக்கா" என்றான். உண்மைதான். ஈப்போவிலிருந்து துரோனோ வரைக்கும் ஈயத்துக்காகப் போட்ட ஒரு கிளை ரயில்பாதை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், திரும்பப் போடவே இல்லை. அதே வருஷங்களில்தான் நம் தோட்டத்து ஆட்களைச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட மரண ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதை போன திசையில் இன்று ஒரு நடைபாதை இருந்து, அதில் இந்த இரண்டையும் நாலு வரியில் தமிழிலும் எழுதி வைத்திருந்தால், நடக்கிற பிள்ளை நின்று படிக்கும்.

அந்த வடக்குப் பக்கத்தில்தான் பூசிங், அதை அடுத்து பாப்பான். பாப்பான் ஒரே ஒரு தெருதான், பாதி வீடுகளுக்குள் ஆலமரம் முளைத்து நிற்கிறது. அதில் 74-ஆம் எண் வீடு சிபில் கார்த்திகேசு என்ற தாதி கிளினிக் நடத்திய இடம். ஜப்பான்காரன் வந்தபோது ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். பகலில் ஊர் சனத்துக்குப் பிரசவம் பார்த்தார், ராத்திரியில் பின்கதவு வழியாக வந்த எதிர்ப்புப் படைக்காரர்களின் உடம்பிலிருந்து குண்டை எடுத்தார். வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்துச் செய்தி கேட்டார். 1943-ல் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள், பிறகு இதே பத்துகாஜா சிறையில் அடைத்தார்கள். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது, மலாயாப் பெண்களில் அதை வாங்கியவர் அவர் ஒருவர்தான். அடி வாங்கிய காயம் ஆறாமலே 1948-ல் இறந்துபோனார். நானும் தாதி. அந்த வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் எனக்கு முதுகு தானாக நிமிரும். சிறை இருந்த ஊரிலிருந்து கிளினிக் இருந்த ஊருக்கு ஒரு காலைப்பொழுதில் சைக்கிளில் போய்வந்துவிடலாம். எத்தனை பள்ளிப் பிள்ளைகளை இப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்?

கிழக்கே கோப்பேங் பக்கம் கெல்லி கோட்டை எல்லாருக்கும் தெரியும், பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கும் போய்ப் பாருங்கள். கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி நம் ஆட்கள் மடிந்தார்கள். அம்மனுக்குக் கோயில் கட்டிக் கொடுங்கள் என்று கோட்டையைக் கட்டிய துரையிடம் கேட்டார்கள், வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டிக் கொடுத்தார். அந்த நன்றிக்குக் கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே அவருக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள், வெள்ளை உடையோடு நிற்கிறார். 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கோட்டை அரைகுறையாக நின்றுவிட்டது. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

இப்போது நம்முடைய சிக்கலைச் சொல்கிறேன். சடக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. குட்டைகள் இருக்கின்றன, ஊர்கள் இருக்கின்றன, ரயில் நிலையம்கூட பத்துகாஜாவிலும் கம்பாரிலும் இருக்கிறது. ஒரு முனையில் இறங்கி மறு முனையில் ஏறிக்கொள்ளலாம். நடுவில் இருப்பது கேட்டுதான். பழம் திருடுபோகிறது என்று தோட்டங்கள் சடக்கின் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு, பக்கத்தில் பள்ளமும் வெட்டிவிடுகின்றன. அவர்கள் கவலையும் நியாயம்தான், ராத்திரியில் லாரியே வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று தம்பி சொல்கிறான். லாரி நுழையாதபடி கம்பி இருக்கட்டும். ஓரத்தில் ஒரு சைக்கிளும் ஓர் ஆளும் புகுகிற அளவுக்கு இடைவெளி விடலாமே. பகலில் மட்டும், அறுவடை இல்லாத நாளில் மட்டும் என்று நிபந்தனை போடட்டும். பண்ணைக்காரர்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஒட்டாகோவில் பாதைக்கு வழி விடச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

சென்ற வருஷம் ஒரு தோட்டத்து கேட்டில் எங்களை நிறுத்தினார்கள். காவலுக்கு நின்ற நேப்பாளத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார், பெரியவர்கள் உத்தரவு என்றார். உள்ளே இருக்கிற கோயிலுக்குப் போகிறோம் என்றேன். திருவிழா அன்றைக்கு மட்டும்தான் அனுமதி என்றார். அந்தக் கோயிலில்தான் எனக்குக் காது குத்தினார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். என் மனசு கொதித்தது அப்போதுதான். இப்படி எத்தனையோ கோயில்கள் செம்பனைக்குள் தனியாக நிற்கின்றன. சனம் நடக்கிற வழியில் இருந்தால் அவற்றின் கூரையாவது ஒழுகாமல் இருக்கும். நடக்கிறவர்களுக்கும் தண்ணீர் குடிக்க, நிழலில் உட்கார ஓர் இடம் கிடைக்கும். கோயில் கமிட்டிகளிடம் இதைப் பேசிப் பார்த்தேன், இரண்டு கமிட்டிகள் கழிப்பறையைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கின்றன.

இப்போதைக்கு நாங்கள் செய்வது சின்ன வேலைதான். தம்பி போனில் வழியைப் பதிவு செய்கிறான். எங்கே கம்பி இருக்கிறது, எங்கே மணல் ஆழம், எந்த அல்லூறு (வாய்க்கால்) மேல் பலகை உளுத்திருக்கிறது என்று நான் நோட்டில் எழுதுகிறேன். தஞ்சோங் துவாலாங் வரைக்கும் முடிந்துவிட்டது, மாலிம் நாவார் பக்கம் பாதி பாக்கி. எல்லாம் சேர்ந்ததும் வரைபடமாகப் போட்டு மாவட்ட அலுவலகத்துக்கும் தோட்டங்களுக்கும் எழுதப்போகிறோம். கடிதத்தை மலாயில் எழுத மகன் உதவி செய்வான்.

கூட வர நினைக்கிறவர்கள் பந்தய சைக்கிள் கொண்டுவர வேண்டாம், தடித்த டயர் உள்ள சைக்கிள்தான் மணலுக்குச் சரிப்படும். நடக்கிறவர்கள் பத்துகாஜாவிலிருந்து டிரெட்ஜ் வரைக்கும் வந்தால் போதும், அங்கிருந்து தம்பியின் நண்பர் வேனில் திரும்பலாம். இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி, மாற்று டியூப். ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவோம், பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளை மணலில் வெயில் தாங்காது. இந்த மாதம் மழை இருப்பதால் முதலில் மணல் வழி, செம்மண் வழியை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.